வயதானவர்களை மேடையிலிருந்து இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதுபோன பாடகர்களும் இசைக்குழுக்களும் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். குரல் போய்விட்டது, பழைய பாட்டையே பாடுகிறார்கள் என்பது அவர் குறை. வாசித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை.

1980களின் நடுவில் கண்டியில் படித்தபோது, விடுதி நண்பன் பதிந்து தந்த கசட்டில்தான் பங்க் இசையை முதலில் கேட்டேன். கிட்டாரில் மூன்று நான்கு பிடிகள், ஓட்டமாக ஓடும் டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தல். அதில் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் என்ற குழு என்னைப் பிடித்துக்கொண்டது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 1977இல் தொடங்கியவர்கள். தெருவில் இராணுவம், சோதனைச் சாவடி, குண்டுவெடிப்பு, அதற்குள் வளரும் பையன்களின் ஆத்திரம். இதைத்தான் பாடினார்கள். கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றவன் நான். ஆங்கிலம் பாதி விளங்காவிட்டாலும் பாட்டு விளங்கியது.

சில வருடங்களுக்கு முன் கிளாஸ்கோவில் இருக்கும் மகனிடம் போயிருந்தேன். அங்கே பேரோலேண்ட் என்ற பழைய நடன மண்டபத்தில் அதே குழு வாசித்தது. சுற்றிலும் என் வயதுக்காரர்கள்தான். எனக்கு முன்னால் நின்றவர் முழங்காலுக்குப் பட்டி கட்டியிருந்தார். முதல் பாட்டுக்கே எல்லாரும் குதிக்க, பலகைத் தரை காலுக்கடியில் ஏறி இறங்கியது. பட்டிக்காரரும் குதித்தார். ஆரம்பத்திலிருந்தே பாடிவரும் ஜேக் பர்ன்ஸ், இருபது வயதில் கத்திய வரிகளை அறுபது தாண்டிப் பாடிக்கொண்டிருந்தார். குரல் எட்டாத இடங்களில் சனம் சேர்ந்து பாடிக் கொடுத்தது. கசட்டில் நான் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. 1998இல் வட அயர்லாந்தில் சமாதான உடன்படிக்கை வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாட்டுகளைப் பாட அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் அவர்கள்தானே!

யூகே சப்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் குழுவின் பாடகர் சார்லி ஹார்ப்பரும் அப்படித்தான். 1944இல் பிறந்தவர், முடிவெட்டும் தொழில் செய்தவர். எண்பது வயதிலும் மேடை ஏறினார்.

சரி, நம் மலையகத்துக்கு வருவோம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் படும் பாட்டைத் தோட்டம் தோட்டமாகப் பாடியவர். கிட்டார் இல்லை என்பதைத் தவிர, பெல்ஃபாஸ்ட் பையன்கள் செய்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவர் பாடியதை நேரில் கேட்ட யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்த ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. மாசியில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து என்றால் அவர் இல்லாமல் நடக்காது. மிலாறை, அதுதான் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை, கொளுத்தி, தப்பை நெருப்புக்குக் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவார். ரதியும் மதனும் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். போன வருடம் ஒரு கலை விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டு, இரவு கடைசியில் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அதிலும் பாதியில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். பஸ் காசு கூடக் கொடுக்கவில்லை.

விழா நடத்துகிறவர்களைக் கேட்கிறேன்: இவர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள், அரை மணி நேரமாவது கொடுங்கள், உட்கார நாற்காலியும் கைக்குக் கூலியும் கொடுங்கள். கை தளர்ந்தால் தளரட்டும், பக்கத்தில் இளையவர்கள் சேர்ந்து அடிப்பார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாசி பிறந்ததும் எந்தத் தோட்டத்தில் என்றைக்குக் காமன் கூத்து என்று வாரா வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. எங்கள் பெரியவருக்கு இப்போது இருமல் கூடியிருக்கிறது. ஆனாலும் போன கிழமை தப்புக்குப் புதுத் தோல் கட்டக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.