பின் சீல் வேலைக்குக் கூலி ஏன் அதிகம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

"சீல் விலை கொஞ்சம்தான், பில் மட்டும் ஏன் இவ்வளவு?" எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். இன்ஜினின் பின் ஆயில் சீல், எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் வெறும் ஒரு வளையம். ஆனால் அது உட்கார்ந்திருப்பது இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில், பிளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கு உள்பக்கம். அதைத் தொட வேண்டுமானால் புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றி, பெரிய லாரிகளில் 150 கிலோவுக்கு மேல் கனக்கும் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் பிளைவீலையும் எடுத்தாக வேண்டும். பிறகு அத்தனையையும் திரும்ப ஏற்ற வேண்டும். கூலி அதற்குத்தான். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து மீன் லாரிகள் என்றால் இன்னும் பாடு. ஐஸ் உருகி வழியும் உப்புத்தண்ணீரில் போல்ட்டுகள் துருவேறி, ஸ்பேனர் வைத்ததும் தலை முறிந்து கையோடு வந்துவிடும்.

இத்தனை வேலை என்பதால்தான், கசிவு எங்கிருந்து என்று உறுதியாகாமல் நாங்கள் கியர்பாக்ஸில் கை வைப்பதில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினாலே பின் சீல் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் பேக்கிங் கசிந்தாலும் எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியே இறங்கி அங்கேதான் சொட்டும். கியர்பாக்ஸின் முன் சீல் போனாலும் அதே இடம்தான். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். டீசல் இன்ஜின் ஆயில் கரிக்கறுப்பாக இருக்கும். தயவுசெய்து வண்டியைக் கழுவிக்கொண்டு வராதீர்கள். ஒழுகிய தடம்தான் எங்களுக்குச் சாட்சி. அதைப் பார்த்த பிறகு நாங்களே கழுவி, ஓட்டிப் பார்த்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழே தேடுவோம்.

அடுத்து நாங்கள் பார்ப்பது பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் வழி. அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடி, நல்ல சீலையும் மீறி எண்ணெய் வெளியேறும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரும். அப்படிப்பட்ட இன்ஜினுக்குப் புதுச் சீல் போடுவது காசைக் கரியாக்குவது. சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

பழைய சீலை எடுத்ததும், அதன் உதடு, அதாவது உள்விளிம்பு, கிராங்கில் உரசிய தடத்தில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்ப்போம். நகம் தட்டினால் கிராங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறையை ஏற்ற வேண்டும், அல்லது இடம் கொடுத்தால் சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சீலும் சீக்கிரமே ஒழுகும். கிராங்கின் ஆட்டத்தையும் அப்போதே அளந்துவிடுகிறோம். ரப்பர் சீலின் உதட்டில் எண்ணெய் தடவிப் போடுவோம். டெஃப்ளான் சீலை உலர்வாகவே போட வேண்டும். அதை உதட்டில் எண்ணெயோடு ஏற்றிக் கெடுத்த வண்டிகளும் எங்களிடம் வருவதுண்டு.

கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றச் சொல்வோம். பெட்ரோலில் கழுவிப் போட்டால் போதாதா என்பார்கள். போதாது. உள்ளே ஊறியது சூடு ஏறியதும் வெளியே வரும். கல் ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கும். அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கினால் கூலி இரட்டிப்பாகும்.

வெறும் ஈரம் கோத்திருக்கிறது, சொட்டவில்லை என்றால் அவசரமில்லை. தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மேற்குக் கரை மீன் லாரிக்காரர்கள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும், கிழக்குக் கரைத் தடையில் வரும் சின்னமுட்டம் பக்கத்தவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் வண்டியை விட்டால் சவாரி கெடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். சீலை வாங்கி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர்,
நாகர்கோவில்