தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்ததா?

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உனக்குத் தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டதா? போன தடவை மலை மேல் இருக்கும் சாவடியில் போட்டு அலைக்கழித்தார்களே, அதனால் கேட்டேன்.

சின்னச் சித்தப்பா வந்திருந்தார். என்னென்னவோ சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம். இருந்தாலும் பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது தேர்தலில் நிற்க நினைத்தால், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் அரசுச் சம்பளம் வாங்கும் வேலையில், அதாவது 'ஆதாயம் தரும் பதவி'யில் இருக்கிறார் என்று சொல்லிப் பரிசீலனையிலேயே மனுவைத் தள்ளிவிடுவார்கள். 1989 ஜனவரித் தேர்தலுக்கு முன்னால் அந்த ஒரு தாளுக்காக மூன்று நாள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். 14 வருஷ சர்வீஸ் அந்தத் தாளோடு போயிற்று. டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். ஆறில் ஒரு பங்கு ஓட்டு விழாததால் அதுவும் போயிற்று. இப்போது 10,000.

பிறகு ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனது உனக்குத் தெரிந்த கதை. கோட்டையில் முதல் முறை கேள்வி கேட்க எழுந்தபோது என் கை தானாகச் சட்டைப் பையில் சாக்பீஸைத் துழாவியது. பட்டா கேட்டு வந்தவர்களும் முதியோர் பென்ஷனுக்கு வந்தவர்களும் கடைசிவரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. நீ பின்னம் நடத்துவதை ஒருநாள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். என்னைவிட நன்றாக நடத்தினாய். ஆனால் அப்பனுக்கு மூன்று மாதமாக ஒரு போன் இல்லை. இது நியாயமா?

அந்த லெட்டர்பேடு விஷயம்தான் காரணம் என்று தெரியும். நீ கேட்கவில்லை. உன்னை வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லி எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்துக்குக் காத்திருந்த டீச்சர் கைக்குழந்தையோடு நம் வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே இருந்துகொண்டே, வெளியூர் போயிருக்கிறார் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். நீ மாடிப்படியில் நின்றிருந்தாய். அதற்கப்புறம் என் கூட்டம் எதற்கும் நீ வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. பயம்தான். அந்த டீச்சர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

சரி. அந்த 1989 உத்தரவின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். சும்மாதான், வாசகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. கடிதம் கொடுத்தால் போதாது, உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்ததா என்று மட்டுமாவது எழுது.

அப்பா