ராண்டோவுக்கு வீடு திரும்புபவர்களுக்காக: ஒரு நன்கொடை வேண்டுகோள்

மினசோட்டாவில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மினியாபொலிஸிலிருந்து செயின்ட் பால் போகும்போது, லெக்சிங்டன் தாண்டியதும் 94ஆம் எண் நெடுஞ்சாலை பள்ளத்துக்குள் ஓடும். நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிற வழி அது. அந்தப் பள்ளம் தோண்டப்பட்ட இடத்தில் முன்பு ராண்டோ தெரு இருந்தது. செயின்ட் பால் கறுப்பின மக்களின் வீடு, தேவாலயம், முடிதிருத்தகம், மளிகைக்கடை எல்லாம் அந்தத் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சுற்றித்தான்.

வடக்கே ரயில் பாதையை ஒட்டிச் சாலை போடலாம், அங்கே குடியிருப்பு குறைவு என்று நகரின் திட்டப் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்ட் வாதாடினார். எடுபடவில்லை. 600க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வீட்டை இழந்தன. 1956 செப்டம்பரில், காலி செய்ய மறுத்த பாதிரியார் ஜார்ஜ் டேவிஸின் வீட்டுக்குள் போலீசார் கோடாலியும் சம்மட்டியுமாகப் புகுந்து சுவர்களை உடைத்தார்கள். வெளியேறியவர்கள் கையில் பணம் இருந்தாலும் நினைத்த இடத்தில் வீடு வாங்க முடியாது. பல பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு விற்கவே மாட்டார்கள். வீட்டு விற்பனையில் நிறம் பார்ப்பதை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. இந்தச் சாலை இங்கே திறக்கப்பட்டதும் அதே வருடம்.

2015இல் நகர மேயரும் மாநிலப் போக்குவரத்துத் துறைத் தலைவரும் மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது நெடுஞ்சாலைக்கு மேலே தளம் போட்டு, பிரிந்து கிடக்கும் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் திட்டம் பேசப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால் பூங்காவும் புதுக் கட்டடமும் வந்தால் வாடகை ஏறும். நிலம் யார் கையில் என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால், அன்று புல்டோசர் செய்ததை நாளை வாடகை செய்துவிடும்.

அதனால்தான் நம் குழு, திரட்டும் பணத்தை 1993 முதல் அங்கே இயங்கிவரும் ராண்டோ சமூக நில அறக்கட்டளைக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. இப்படிப்பட்ட அறக்கட்டளையில் மனை அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வீடு குடும்பத்தின் பெயரில். மனை விலை சேராததால் சாதாரணச் சம்பளக்காரரும் வாங்க முடியும். பிறகு விற்றாலும் அடுத்த குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில்தான் விற்க வேண்டும். ஒருமுறை கொடுக்கும் காசு அந்த மண்ணிலேயே தங்கும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாரிசுகளுக்கே இதில் முதல் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதையும் எழுதித்தான் கொடுக்கப்போகிறோம்.

சென்ற ஜூலையில் ராண்டோ நாட்கள் விழாவுக்கு எங்களில் சிலர் போயிருந்தோம். வயதான ஓர் அம்மா எங்களை மேம்பாலக் கம்பியருகே கூட்டிப்போய், கீழே லாரி ஓடிக்கொண்டிருந்த தடத்தைக் கைகாட்டி, தங்கள் வீட்டுச் சமையலறை அங்கேதான் இருந்தது என்றார். அப்புறம் கொஞ்சம் தள்ளி, அவர் அம்மா தக்காளி போட்ட இடம். சாலைக்கு நடுவே அந்தரத்தில் விரலால் ஒரு வீட்டையே வரைந்து காட்டினார்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாமும் நம் பெற்றோரும் இந்நாட்டுக்கு வர வழி திறந்தது 1965 குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறை சென்றும் நடத்திய உரிமைப் போராட்டம் நாட்டின் மனதை மாற்றியிருக்காவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்காது. அவர்கள் திறந்த கதவு வழியாக உள்ளே வந்து, அவர்கள் வீடிருந்த சாலையில் வண்டி ஓட்டுகிறோம்.

இந்த ஆண்டு 20,000 டாலர் சேர்ப்பது எங்கள் இலக்கு. மாதம் 10 டாலரும் சரி, மொத்தமாகத் தந்தாலும் சரி. காசோலையைத் தமிழ்ப் பள்ளி வாசலில் சனிக்கிழமைதோறும் இருக்கும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். குழுச் செலவுக்கென்று ஒரு டாலரும் எடுக்க மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு விவரம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் தர இயலாதவர்கள், அடுத்த ஜூலையில் விழாவுக்குக் குழந்தைகளோடு எங்களுடன் வாருங்கள். அன்று தண்ணீர் கொடுக்கவும் நாற்காலி போடவும் ஆள் தேவைப்படும்.

அன்புடன்,
ராண்டோ நிதிக் குழுவினர்