இடத்தைச் சொல்லும்போது அதன் கதையையும் சொல்லுங்கள்

அதிகம் பேர் போகாத இடங்களை எழுதியும் படம்பிடித்தும் அறிமுகப்படுத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றி. நீங்கள் இல்லையென்றால் நான் பார்த்த இடங்களில் பாதியைப் பார்த்திருக்க மாட்டேன். பெயர்பெற்ற கோட்டைக்கும் அருவிக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேருந்தை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய இடத்துக்கு நீங்கள்தான் வழி சொல்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

ஒருமுறை கழுகுமலை வெட்டுவான் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஏழெட்டு இளைஞர்கள் வந்தார்கள். கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, அதில் வரும் கோணம் எது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கிளம்பிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, "கீழ மட்டும் ஏன் மொட்டையா விட்டுட்டாங்க?" என்று தோழியிடம் கேட்டார்.

அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை அது. மலைப்பாறையைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நிற்கும் ஒரே கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முடிந்துவிட்டார். அதற்குக் கீழே வேலை நின்றுபோய், அடிப்பகுதி இன்னமும் பாறையாகவே இருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் தொடங்குவார்கள். இவர்கள் உச்சியில் தொடங்கினார்கள். உளி ஒரு விரற்கடை தவறினாலும் ஒட்டவைக்க வேறு கல் கிடையாது.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் திரும்பி வந்தார். செதுக்கல் முடிந்து வெறும் பாறை தொடங்கும் கோட்டைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். கூட வந்தவர்களும் வந்தார்கள். அப்புறம் அரைமணி நேரம் யாரும் நகரவில்லை. அவர்கள் பார்த்த காணொளியில் இரண்டே இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால், என்னைப் போல ஒருவர் அங்கே நிற்கத் தேவையே இருந்திருக்காது.

கதை இல்லாமல் போவதைவிட மோசம், தப்பான கதை. சூடானில் இருக்கும் மெரோவே பிரமிடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் உள்ளவற்றைவிடச் சிறியவை, பக்கங்கள் செங்குத்தானவை, மணல்மேட்டில் கூட்டமாக நிற்பவை. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பலவற்றுக்கு உச்சி இல்லை. "காலத்தால் சிதைந்த பிரமிடுகள்" என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுகிறார்கள். காலத்தின் மேல் இப்படிப் பழி போடாதீர்கள். 1834இல் ஜுசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையல் தேடி அங்கே பிரமிடுகளை இடித்தார். அரசி அமனிஷகேட்டோவின் பிரமிடில் பொன் நகைகள் கிடைத்தன. அந்த நகைகள் இப்போது பெர்லினிலும் மியூனிக்கிலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. இது தெரிந்த பிறகு அந்த மொட்டை உச்சிகளைப் பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல. 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாடு அது. நேரில் போக முடியாதவர்களுக்கு உங்கள் எழுத்துதான் அந்த இடமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கைக்கு இருக்கும் பலம் உங்களுக்கே முழுதாகத் தெரிகிறதா என்று சில சமயம் யோசிப்பேன். ஐஸ்லாந்தில் ஃபியாத்ரார்கில்யூஃபுர் என்று ஒரு பள்ளத்தாக்கு. சுமார் நூறு மீட்டர் ஆழம், இரண்டு கிலோமீட்டர் நீளம், பாறை விளிம்பெல்லாம் பச்சைப் பாசி. 2015இல் உலகப் புகழ்பெற்ற ஒரு பாடகரின் காணொளியில் வந்தது. பிறகு வந்த கூட்டத்தின் காலடியில் பாசி நசுங்கி, பாதையெல்லாம் சேறாகி, 2019இல் அந்த இடத்தையே மூடிவைக்க வேண்டியதாயிற்று. குளிர்நாட்டுப் பாசி ஒருமுறை மிதிபட்டால் மறுபடி வளர வருடக்கணக்காகும். "விளிம்புக்குப் போகாதீர்கள், பாதையிலேயே நடங்கள்" என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதற்காக இடத்தை மறைத்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. யாருக்கும் தெரியாத இடம் இடிந்தாலும் கேட்க ஆள் இருக்காது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018இல் மூடினார்கள், 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வராமல் தீவின் பின்பக்கம் வந்து நிற்கின்றன, ஆட்கள் நடந்து வருகிறார்கள். மூடியிருந்த நாட்களில் கருமுனைச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. போகும் முறையை மாற்றினால் போகவும் முடிகிறது, இடமும் பிழைக்கிறது.

ஆகவே, ஓர் இடத்தைப் பற்றிப் போடும்போது எந்த மாதத்தில் போனீர்கள் என்று எழுதுங்கள். கோடையில் போகிறவர் மழைக்காலத்து அருவியை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். எங்கே கால் வைக்கக் கூடாது, எதைத் தொடக் கூடாது என்பதை வழி சொல்லும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். "யாரும் அறியாத இடம்" என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கே ஆடு மேய்ப்பவருக்கும், கதவைத் திறந்துவிடும் காவலாளிக்கும் அது தினம் தெரிந்த இடம். போனால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். வெயில் எந்த நேரத்தில் எந்தச் சிற்பத்தின் மேல் விழும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

பழைய பதிவுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மெரோவே படத்துக்குக் கீழே "காலம் சிதைத்தது" என்று இருந்தால், அதை அடித்துவிட்டு ஃபெர்லினியின் பெயரையும் 1834 என்ற ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குறிப்புகளைப் பார்த்து ஊர் சுற்றும் ஒரு வாசகர்