பட்டிக்கு அடியில் தின்னும் துரு

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஓய்ந்ததும், 15 ஆண்டு நிறைந்த கார்களை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டக் கொண்டுபோகும் முன்பும் டிங்கரிங் பட்டறைகளில் கூட்டம் சேரும். பழைய மாருதி 800 என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) அடிமுனையும் கதவுகளின் கீழ் விளிம்பும்தான் போயிருக்கும். பெயிண்ட் மிளகளவு பொக்கி நிற்கும்; ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் முனை உள்ளே இறங்கி, பழுப்புச் செதில் கொட்டும். இந்த இடங்களில் துரு உள்ளிருந்து வெளியே வருவதால், மறுபக்கம் இன்னும் அகலமாக அரித்திருக்கும்.

அதன்மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) அப்பி, பெயிண்ட் அடித்து ஒரே நாளில் வண்டியைக் கொடுப்பது பெருகிவிட்டது. இது வேலையே இல்லை. பட்டி ஈரத்தைக் குடிக்கும். உள்ளிருந்து வரும் ஈரத்தைத் தகட்டோடு சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு அதே இடம் பொக்கும்.

ஃபெண்டரை போல்ட் கழற்றித் தனியே எடுத்தால்தான் பின்பக்கம் தெரியும். துருவைத் தாண்டி 2 அங்குலம் வரை 80-ஆம் நம்பர் உப்புத் தாளால் தேய்த்துத் தகடு பளிச்சிட வேண்டும். குழிகளில் மிஞ்சும் கறுப்புப் புள்ளிகளுக்கு பாஸ்பாரிக் அமில ரஸ்ட் ரிமூவர் போட்டு, நன்றாகக் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். அமிலம் தங்கினால் எபாக்சி பிரைமர் (தகட்டின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) பிடிக்காமல் உரிந்து வரும்.

ஓட்டை விழுந்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டு, 0.8 மி.மீ. தகட்டில் பேட்ச் போட வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். மிக் வெல்டிங்கிலும் (கம்பியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் முறை) ஒரே இழுப்பாக இழுக்காமல், எதிரெதிர்ப் பக்கங்களில் புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். வண்டியிலேயே வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது கட்டாயம்.

தகட்டின் இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர் 2 கோட் அடித்துக் காய்ந்த பிறகுதான் பட்டி. 100 கிராம் பட்டிக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம். குறைந்தால் பட்டி இறுகாது. கூடினால் பெயிண்டில் கறை ஊறி வரும். 2 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் ஒடுக்கு சரியாக எடுபடவில்லை, மறுபடி சுத்தியலை எடுக்க வேண்டும். அதிகம் கெடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்: பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். குடித்த தண்ணீர் பெயிண்டுக்கு அடியிலேயே தங்கிவிடும். 80, 180, 320 எல்லாம் உலர்வாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தாள், சர்ஃபேசர் (பட்டிக்கு மேல், பெயிண்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) அடித்த பிறகே.

வண்டிக்காரர்களுக்கு: பட்டி போடும் முன் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய வண்டி வாங்கும்போது சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியில் வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் துருத் தடுப்புப் பூச்சு) அடிக்கும்போது பல பட்டறைகள் அவற்றை அடைத்துவிடுகின்றன. வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் டிங்கரிங் தொழிலாளர்கள்,
தூத்துக்குடி.