பூட்ஸைப் புதையலென்று தோண்டிய மகளுக்கு

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம், கடைசியில் பார்த்தால் சத்தம் போட்டது உன் காலில் இருந்த இரும்புமுனை பூட்ஸ். மானம் போயிற்று, மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்குக் கொஞ்சமும் அருகதை இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பூட்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். டிடெக்டரின் அடியில் இருக்கும் அந்த வட்டமான ‘காயில்’, அதாவது கம்பிச்சுருள், தனக்கு நேர் கீழே இருப்பதை மட்டும்தான் பார்க்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். அது மேலேயும் பார்க்கும், பக்கத்திலும் பார்க்கும். காயிலில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அதற்குள் உலோகம் எது வந்தாலும், அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு அதுவும் ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்பும். அதைக் கூடவே இருக்கும் இன்னொரு காயில் பிடித்து உன் காதில் கூவுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் காசா, உன் கட்டைவிரலுக்கு மேல் இருக்கும் இரும்பா என்று அதற்கு எந்தப் பாகுபாடும் கிடையாது. நீ குழியின் விளிம்பில் நின்று காயிலைக் காலடியிலேயே ஆட்டியிருக்கிறாய். கால் அங்கே நிற்கும்வரை சத்தமும் அங்கேயே நிற்கும். தோண்டத் தோண்ட, பொருள் இன்னும் ஆழத்தில் இருக்கிறது போலத்தான் தோன்றும். இனிமேல் சத்தம் கேட்டால் ஓரடி பின்னால் நகர்ந்து, திசையை மாற்றிக் குறுக்காக ஒருமுறை ஆட்டிப் பார். மண்ணில் இருப்பது அதே இடத்தில் கூவும். உன்னோடு வந்தது உன்னோடு நகர்ந்துவிடும். மறுமுறை ரப்பர் செருப்போ கேன்வாஸ் ஷூவோ போட்டுக்கொண்டு போ.

இப்போது அப்பாவின் கதை. உலர்ந்த மணலில் ஒருநாள் அவருக்கு நல்ல கணீரென்ற சிக்னல் கிடைத்தது. தோண்டினார். குழியில் சத்தம் நின்று, அள்ளிக் கொட்டிய குவியலுக்கு மாறிவிட்டது. அதன் பிறகு அவர் செய்தது முறையான வேலைதான். காயிலைத் தரையில் கிடத்தி, குவியலிலிருந்து ஒவ்வொரு பிடியாக எடுத்து அதன்மேல் ஆட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் பிடி கூவுகிறதோ அதில் பொருள் இருக்கும். முதல் பிடியே கூவியது. பாதி மணலை உதிர்த்துவிட்டு ஆட்டினார், கூவியது. மறுபடியும் பாதியை உதிர்த்தார், அப்போதும் அதே கணீர். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். அதற்கும் கூவியதும் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலை இறக்கி, "தங்கத் தூள்டி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிட்டிகையையும் ஊதிவிட்டு வெறுங்கையை ஆட்டினார். கணீர். கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரலில் எங்கள் கல்யாண மோதிரம் பளபளத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எப்படியோ, தங்கத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. மெஷின் நல்ல மெஷின்" என்றார். குவியலில் உண்மையில் கிடந்தது ஒரு சோடா மூடி.

இது ஏதோ நம் வீட்டு அசட்டுத்தனம் என்று நினைத்துவிடாதே. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே இதில் மாட்டியிருக்கிறார். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 வருஷம் இருந்த காலம். பெல் இரவு பகலாக உட்கார்ந்து, உலோகம் பக்கத்தில் வந்தால் தொலைபேசி ரிசீவரில் ஒலி கேட்கும்படி ஒரு கருவி செய்தார். உள்நாட்டுப் போரில் அடிபட்டு உடம்பில் குண்டோடு நடமாடிய பழைய சிப்பாய்கள்மேல் வைத்துச் சோதித்தும் பார்த்தார். ஆகஸ்ட் 1 அன்று ஜனாதிபதியின் உடம்பில் வைத்தால், ஒரு பெரிய பரப்பு முழுக்க மங்கலாக ஒலி கேட்கிறது. ஒரு சின்ன குண்டு எப்படி அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும்? மறுநாள் போய், கட்டிலைச் சுற்றியிருந்த உலோகத்தையெல்லாம் நிஜமாகவே எடுத்தீர்களா என்று விசாரித்தார். அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது: குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருக்கிறது! இதற்கு மேல், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறதென்று தலைமை டாக்டருக்குத் திடமான நம்பிக்கை. தேடியதும் அந்தப் பக்கம்தான். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. அதை எங்கே வைப்பதென்று தீர்மானித்த மனுஷர்களும் கோட்டை விட்டார்கள்.

அதனால் கிளம்புமுன் உன்னையே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள். பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, மோதிரம், சட்டைப்பையில் இருக்கும் போன். நிற்கும்போது சும்மா இருக்கிற போன், நீ குனிந்ததும் காயிலுக்கு மேலே வந்து தொங்கும். மண்வெட்டியைக் குழிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு அதற்குச் சிக்னல் வருகிறதென்று பூரித்துப்போகிறவர்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டடி தள்ளி வை.

டிடெக்டரின் திரையில் வரும் எண்ணை வைத்து என்ன உலோகமென்று கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எல்லோரும் கவிழ்கிறார்கள். அந்த எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. மின்சாரம் அந்தப் பொருளில் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது, பொருள் எவ்வளவு பெரியது, என்ன உருவம் என்பதையெல்லாம் சேர்த்துக் குழப்பி ஓர் எண்ணாகக் காட்டுகிறது. மெல்லிய தங்க மோதிரமும், பான டின்னைத் திறக்கக் கிழித்தெறியும் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும். கிழித்தெறியும் வளையம் அமெரிக்காவில் 1960களில் வந்து, டின்னோடு ஒட்டியே இருக்கும் மூடி 1975ல் வரும்வரை கொடிகட்டிப் பறந்தது. அந்தக் காலத்து ஜனங்கள் மணலில் வீசிவிட்டுப் போனதைத்தான் நாம் இன்றைக்கும் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். அலுத்துப்போய் அந்த எண்ணையே ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. குப்பையோடு மோதிரமும் போய்விடும். நான் ஒதுக்க மாட்டேன். அப்பா ஒதுக்குவார், ஒதுக்கிவிட்டு நான் எடுப்பதைப் பார்த்து வயிறெரிவார். அவரும் ஒருமுறை மஞ்சளாக மின்னியதைப் பார்த்து, குழிக்குள்ளிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். தூரத்தில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். குழந்தைகளுக்கு வாங்கித் தரும் தங்கக் காசு சாக்லெட்டின் மேல்தாள். யாரோ சாக்லெட்டைத் தின்றுவிட்டுத் தாளை வட்டம் குலையாமல் புதைத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானை இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறார்.

ஈர மணல் வேறு கதை. உப்புத்தண்ணீரில் மின்சாரம் ஓடும், அதனால் ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரண டிடெக்டருக்கு அலை நனைத்த மணல் முழுவதுமே உலோகம் மாதிரி தெரியும். முதல்தரம் அப்படி ஓயாமல் கத்தியபோது அப்பா கப்பலே புதைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, நாலா பக்கமும் அடி வைத்து அளந்தார். உன் மெஷினில் கடற்கரை மோட் இருந்தால் அதைப் போடு, மண்ணே எழுப்பும் சத்தத்தை மெஷின் ஒதுக்கும்படி கிரவுண்ட் பேலன்ஸ் செய், சின்னச் சத்தத்துக்கெல்லாம் கூவாதபடி சென்சிடிவிட்டியைக் குறை. ஒரே சமயத்தில் பல அலைவரிசையில் இயங்கும் மெஷினுக்கும், விட்டு விட்டுத் துடிப்பாக மின்சாரம் பாய்ச்சும் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷினுக்கும் இந்தத் தொல்லை குறைவு.

ஹெட்போன் போட்டுக்கொண்டால் ஒரு காதையாவது திறந்து வை. உன் அப்பா போட்டுக்கொண்டு உரக்கப் பாடுவார், பாடுவது அவருக்கே தெரியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என் கை ஓடவில்லை.

குழிக்குள் பொருள் எங்கே இருக்கிறதென்று காட்டும் சின்னக் கை டிடெக்டரான பின்பாயிண்டரை வைத்துத் துழாவிவிட்டு, குழிக்குள்ளேயே விட்டு, மண்ணை ஒழுங்காக மூடி, புல்லையும் பதித்துவிட்டு வீட்டுக்கு வருவது நானும் அப்பாவும் ஒற்றுமையாகச் செய்த காரியம். சுத்தமாக மூடு என்று நான் அவரை விரட்டுவேன். அவர் அவ்வளவு சுத்தமாக மூடியதால் எந்த இடமென்றே தெரியவில்லை. மறுநாள் போய் டிடெக்டரால் எங்கள் பின்பாயிண்டரையே தேடி எடுத்தோம். நல்ல பலமான சிக்னல், சொல்லக் கூடாது. பல பின்பாயிண்டர்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதும், சும்மா கிடந்தால் சில தாமாகவே கூப்பிடுவதும் நம்மைப் போன்றவர்களை நினைத்துத்தான். அதோடு ஒரு கயிறு கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்.

சிரிக்க முடியாததையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் தோட்டத்தில் அப்பாவுக்குத் தெளிவான, வட்டமான சத்தம் வந்தது. தோட்டக் குழாயின் பித்தளை இணைப்பு. குழாய் பிளாஸ்டிக், அதனால் டிடெக்டருக்கு அது தெரியாது. மண்வெட்டிக்குத் தெரிந்தது. பீறிட்ட தண்ணீரில் அவர் நனைந்து நின்றதற்கு நான் சிரித்தேன், வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அது தண்ணீரோடு போயிற்று, மின்கேபிளாக இருந்திருந்தால்? நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே அடியில் என்னென்ன ஓடுகிறது என்றும் கேட்டுவிடு. குண்டு, ஷெல் மாதிரி எதையாவது பார்த்தால் தொடாதே, தட்டிப் பார்க்காதே. வந்த வழியே விலகிப் போய்ப் போலீசைக் கூப்பிடு. வெறும் இரும்புத் துண்டுக்குப் போலீஸ் வந்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே. அந்த ஒரு வெட்கம்தான் ஆபத்தானது.

பழைய காசு கிடைத்தால் அங்கேயே துணியால் தேய்க்காதே. ஒட்டியிருக்கும் மணல் அரம்போல் மேற்பரப்பைச் சுரண்டிவிடும். அப்பா ஒரு காசை அப்படித் தேய்த்து, தலையில்லாத ராஜா ஒருவரை வீட்டில் வைத்திருக்கிறார். கேட்டால், கிடைத்தபோதே அப்படித்தான் இருந்தது என்கிறார்.

நிறையக் கிடைத்தால் அப்போதும் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். 1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் கிராமத்தில், எரிக் லாஸ் என்பவர் விவசாயி நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போனார். வெளிவந்தது ரோமானியக் காசும் வெள்ளிச் சாமான்களும். கொஞ்சம் எடுத்ததுமே மிச்சத்தைத் தோண்டாமல் நிறுத்தி, அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். தொல்லியல் ஆட்கள் வந்து, புதைந்திருந்த பெட்டிக்குள் எது எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசு, அதில் 500க்கு மேல் தங்கம். அவருக்குக் கிடைத்த சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு, அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். இவரே ஆசையில் மொத்தத்தையும் அள்ளியிருந்தால், அந்தப் பெட்டி எப்படி அடுக்கப்பட்டது என்பது இன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. உன் ஊரில் சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் விசாரித்துக்கொள். சில இடங்களில் டிடெக்டரை எடுத்துக்கொண்டு போவதற்கே அனுமதி வேண்டும்.

இதையும் அப்பாவுக்கு வாசித்தேன். அவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, சுத்தியல் கிடைத்ததா என்பதுதான். கிடைத்தது. ஆனால் அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது.

பேட்டரி ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள். வார இறுதியில் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா