வேலைக் கடிதம் வரட்டும் கண்ணு, பணம் தருகிறேன்

கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு தூக்கமே பிடிக்கவில்லை. பேசினால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

200 மணி நேரம் பறந்து சிபிஎல், அதான் விமானம் ஓட்டிச் சம்பாதிக்கிற லைசென்ஸ், வாங்கிவிட்டாய். அதற்கே நாகலூரில் அம்மா பங்குக்கு வந்த காபித் தோட்டம் போய்விட்டது. அதைச் சொல்லிக்காட்டவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். இப்போது ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அந்த ஒரு ரக விமானத்தை மட்டும் ஓட்டுகிற பயிற்சிக்கு, இன்னும் 15 லட்சம் கட்டினால்தான் விமானக் கம்பெனிக்காரன் கூப்பிடுவான் என்கிறாய். கூப்பிடுவான் என்றுதான் சொல்கிறாய், எடுத்துக்கொள்வான் என்று உன் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

நான் சங்ககிரியில் லாரியில் கிளீனராக ஏறியபோது எனக்குப் பதினேழு வயது. கண்ணாடி துடைப்பேன், தார்ப்பாய் இழுத்துக் கட்டுவேன், நடுராத்திரியில் தொப்பூர் தாண்டி ரோடு காலியாகக் கிடக்கும்போது டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், கியரைத் தப்பாகப் போட்டால் புறங்கையில் ஒரு அடி விழும். டீசல் ஓனருடையது, தேய்கிற டயரும் ஓனருடையது, எனக்குப் பேட்டா வேறு. இங்கே விமானமும் கம்பெனிக்காரனுடையது, லாபமும் அவனுக்கு, ஓட்டப் பழகுகிற செலவு மட்டும் உன்னுடையது என்றால் இது என்ன கணக்கு? நாங்களே பழக்குகிறோம், இத்தனை வருஷம் எங்களிடமே இரு என்று பாண்டு கேட்டால்கூட எனக்கு நியாயமாகத்தான் படும்.

இன்னொன்று. நம்ம கமலாபுரம் ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிற அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தை இந்த ரேட்டிங்கை வைத்துத் தொட முடியாது, போயிங் 737-க்கும் ஆகாது என்று நீதான் சொன்னாய். 90 நாளில் 3 தடவை ஏற்றி இறக்கியிருந்தால்தான் பயணிகளை வைத்து ஓட்டலாம் என்பதும் நீ சொன்னதுதான். அப்படியானால் கூப்பிடுகிற வரை கைப்பழக்கம் விடாமல் இருக்க, தரையிலேயே ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டருக்கு யார் கட்டுவது?

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது, அவர்கள் ஓட்டியதெல்லாம் உன்னுடைய அந்த ஏ320 ரகம்தான். அந்த மாதிரி நேரத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்கள் வரிசையில் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் 200 மணி நேரத்தோடு நீ நிற்பாய். வட்டி மட்டும் நிற்காது.

உன் கூடப் படித்தவர்கள் எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று அழுதாய். புரிகிறது சாமி. கட்டாதே என்று சொல்லவில்லை. இன்ன தேதியில் சேர், இவ்வளவு சம்பளம் என்று கம்பெனி பெயர் போட்ட காகிதம் ஒன்று முதலில் வரட்டும். பயிற்சி நடத்துகிறவன் எழுதிக்கொடுப்பது வேண்டாம், அவன் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக் காசு பார்க்கிறவன்.

பன்னிரண்டு சக்கர வண்டியை விற்றுத்தர புரோக்கரிடம் சொல்லி வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. இன்று காலை போய் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காகிதம் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு, அன்றைக்கே மறுபடி போகிறேன்.

அப்புறம், அம்மா தட்டுவடை அனுப்பியிருக்கிறாள், பூண்டுச் சட்னி தனி டப்பாவில் இருக்கிறது.

அப்பா